நேரோபோட் எஃகுக் கூட்டை யாரிடம் கட்டக் கொடுப்பது?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். 57 அடி நேரோபோட் (குறுகிய கால்வாய்களில் ஓடும் ஒடுங்கிய படகு) ஒன்றின் எஃகுக் கூட்டை மட்டும் வாங்கி, உள்வேலை முழுவதையும் நானே செய்ய எண்ணம். மரவேலையும் குழாய் வேலையும் நன்றாக வரும்; வெல்டிங் தெரியாது. மூன்று இடங்களில் விலை கேட்டேன். ஒன்று, இரண்டு பேர் சேர்ந்து தொடங்கிய புதிய பட்டறை. விலை குறைவு, ஐந்து மாதத்தில் தருகிறார்கள், ஆனால் பாதிப் பணத்தை முன்னதாகக் கேட்கிறார்கள். இரண்டாவது, பல ஆண்டுகளாகக் கூடு மட்டுமே கட்டித் தரும் பட்டறை. விலை அதிகம், பதினான்கு மாதம் காத்திருக்க வேண்டும். மூன்றாவது, வேறொருவருக்காகக் கட்டி அவர் விலகிக்கொண்ட படகு. எஞ்சினும், உள்சுவரில் அடிக்கும் வெப்பக்காப்பு ஃபோமும் முடிந்து தயாராக நிற்கிறது. மூவரும் ‘10/6/4’ என்றே சொல்கிறார்கள். அப்படியிருக்க, விலை குறைந்ததை வாங்கினால் என்ன? அடித்தகட்டை 12 மி.மீ. ஆகக் கேட்க வேண்டுமா? சில ஆண்டுகளில் விற்க நேர்ந்தால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: அடித்தகடு 10 மி.மீ., பக்கத் தகடு 6 மி.மீ., கேபின் சுவரும் கூரையும் 4 மி.மீ. என்பதுதான் 10/6/4. தகட்டின் தடிமனைத் தவிர அது வேறெதையும் சொல்வதில்லை. மூன்று பட்டறைகளும் ஒரே எஃகு வியாபாரியிடம் தகடு வாங்கியிருக்கலாம். வெளியே வரும் படகுகள் மூன்றும் வேறு வேறாகத்தான் இருக்கும். தகடுகள் சேரும் மூட்டு, உள்ளே தாங்கும் சட்டம், தகட்டின் மேற்பரப்பைத் தயார் செய்த விதம், எஞ்சின் படுக்கையின் நேர்த்தி ஆகியவற்றில்தான் கூட்டின் தரம் இருக்கிறது. இவை எல்லாமே ஃபோமுக்கும் தரைப்பலகைக்கும் கருப்புப் பூச்சுக்கும் அடியில் மறைந்துவிடும். ஆகவே, மறைவதற்கு முன் உங்களையும், படகைச் சோதிக்கும் உங்கள் சர்வேயரையும் உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்பவர், அதை ஒப்பந்தத்தில் எழுதியும் தருபவர் யாரோ, அவரிடம் கொடுங்கள். விலையும் காத்திருப்பும் அதற்குப் பிறகுதான்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால் என் சாய்வு இரண்டாவது பட்டறையின் பக்கம். முதல் பட்டறையை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் அவர்கள் கேட்கும் பண முறைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்றாவதில் பார்க்க வேண்டியவை ஏற்கெனவே ஃபோமுக்குள் போய்விட்டன. அதைக் கடைசியில் தனியாகப் பார்ப்போம்.

நீளத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கால்டர் அண்ட் ஹெபிள் நீர்வழியின் லாக்குகள் (படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு அறைகள்) சுமார் 57 அடி 6 அங்குலம்தான். லீட்ஸ் அண்ட் லிவர்பூல் கால்வாயில் விகனுக்குக் கிழக்கே 62 அடி. 57 அடிப் படகு இணைந்த கால்வாய்கள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் போகும். ஆனால் 57 அடி என்பது எங்கிருந்து எங்கே என்று வரைபடத்தில் எழுதி வாங்குங்கள். சிலர் முன் ஃபெண்டரையும் பின்பக்கச் சுக்கானையும் சேர்க்காமல் கூட்டை மட்டும் அளந்து சொல்வார்கள். அகலத்தில் இன்னும் கவனம் தேவை. உங்கள் ஊருக்குத் தெற்கே ஃபாக்ஸ்டன் படிக்கட்டு லாக்குகள் பத்தும், அதைத் தாண்டி வாட்ஃபோர்டு லாக்குகள் ஏழும் 7 அடி அகலத்துக்குக் கட்டப்பட்டவை. லாங்கொல்லன் கால்வாயின் நுழைவிலுள்ள ஹர்ல்ஸ்டன் கீழ் லாக்கில் சுவர் உள்ளே தள்ளியதால் பல ஆண்டுகள் படகுகள் சிக்கிக்கொண்டன; பிறகுதான் அது சீரமைக்கப்பட்டது. எனவே மொத்த அகலம் 6 அடி 10 அங்குலம், அதாவது 2,083 மி.மீ.; உரசுபட்டைகளும் அடித்தகட்டின் துருத்தலும் அதற்குள் அடங்க வேண்டும். ‘7 அடிப் படகு’ என்று வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது.

12 மி.மீ. அடித்தகட்டைப் பற்றி. 57 அடிப் படகின் அடிப்பரப்பு ஏறத்தாழ 31 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ என்று வைத்தால், கூடுதல் 2 மி.மீ. கொடுப்பது ஏறத்தாழ அரை டன். அந்த எடை மிகத் தாழ்வான இடத்தில் இருப்பதால் கெடுதல் இல்லை. படகை நிலைநிறுத்த அடியில் அடுக்கும் பாரம், அதாவது பாலஸ்ட், அந்த அளவுக்குக் குறையும். ஆனால் கால்வாய்ப் படகுகளில் அரிப்பு முதலில் தின்பது நீர்மட்டத்தை ஒட்டிய பக்கத் தகட்டையும், அடித்தகடும் பக்கத் தகடும் சேரும் ஓரத்தையும்தான். காற்றும் நீரும் மாறி மாறிப் படும் இடம் அது. லாக் சுவரில் உரசிப் பூச்சு போகும் இடமும் அதுவே. கையில் கூடுதல் பணம் இருந்தால் அதைத் தகட்டைச் சுத்தம் செய்து பூச்சுப் பூசுவதில் போடுங்கள். 12 மி.மீ. தடிமனால் கிடைப்பதைவிட அதில் ஆயுள் அதிகம் கிடைக்கும்.

தகடு எந்தத் தரம் என்று கேளுங்கள். எஸ்275 போன்ற சாதாரணக் கட்டுமான எஃகு போதும். ஆனால் ஆலையின் சோதனைச் சான்றிதழ் கூட வர வேண்டும். 3.1 வகைச் சான்றிதழ் என்றால் தகடு விற்பவருக்குப் புரியும். சான்றிதழைக் கோப்பில் வைத்திருக்கும் பட்டறை கேட்ட மறுநிமிடமே எடுத்துக் காட்டும்.

இனி பட்டறைக்குப் போகும்போது எதைப் பார்ப்பது என்று சற்று விரிவாகச் சொல்கிறேன். வண்ணம் பூசி முடிந்த படகைக் காட்டினால் பாராட்டிவிட்டு, பாதியில் நிற்கும் படகைக் காட்டச் சொல்லுங்கள். முதலில் அடித்தகடும் பக்கத் தகடும் சேரும் மூட்டு. அடித்தகடு பக்கத் தகட்டைத் தாண்டி 12 முதல் 20 மி.மீ. வரை வெளியே நிற்க வேண்டும். வெல்டிங் உட்கார அது இடம் தருகிறது. கரையிலும் கல்லிலும் உரசும்போது முதலில் தேய்வதும் அந்த ஓரமே. வெளியே இடைவெளி விடாத தொடர் வெல்டிங் இருக்க வேண்டும். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள்: உள்ளேயும் தொடர்ச்சியாகப் போடுவதே நல்லது. அங்கங்கே தையல் போட்டதுபோல் விட்டால், பலம் போதுமானதாக இருந்தாலும் இடைவெளிகளில் ஈரம் தங்கித் துரு பிடிக்கும்.

வெல்டிங்கின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஓரம் நெடுகப் பள்ளம் ஓடினால் மின்சாரம் அதிகமாகவோ கை வேகமாகவோ போயிருக்கிறது; அங்கே தகடு மெலிந்துவிட்டது. ஊசித் துளைகள் இருந்தால் பாதுகாப்பு வாயு காற்றில் அடித்துப் போயிருக்கிறது; கதவைத் திறந்து போட்டு மிக் வெல்டிங் செய்யும் பட்டறைகளில் இது வரும். நீளவாக்கில் இரண்டு பக்கத் தகடுகள் சேரும் இடத்தில் விளிம்பைச் சரித்து வெட்டி, முழுத் தடிமனும் உருகிச் சேரும்படி செய்தார்களா, அல்லது ஒட்டி வைத்து மேலே மட்டும் கோடு போட்டு, அதையும் அழகுக்காகக் கிரைண்டரால் தேய்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். இரண்டாவது வகை மூட்டில் மிஞ்சுவது கொஞ்சம் எஃகுதான். பக்கத் தகட்டின் மூட்டும் அடித்தகட்டின் மூட்டும் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது.

நீர்க்கசிவுக்குப் பழைய, மலிவான, நம்பத்தக்க சோதனை ஒன்று உண்டு. மூட்டின் ஒரு பக்கம் சுண்ணாம்புக் கரைசலைப் பூசிக் காயவிட்டு, மறு பக்கம் மண்ணெண்ணெய் தடவுவார்கள். துளை இருந்தால் வெள்ளையில் ஈரக் கறை தெரியும். இதைப் பூச்சுக்கு முன் செய்ய வேண்டும். ‘நாங்கள் செய்வதில்லை, தண்ணீரில் இறக்கிப் பார்ப்போம்’ என்று சொல்லும் பட்டறைக்கு உங்கள் ஒப்பந்தத்தில் அந்தச் சோதனையை ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து உட்சட்டம். அடித்தகட்டின் குறுக்குச் சட்டங்களும் பக்கத்தின் விலாக்களும் கூரை வளைவுகளும் ஏறத்தாழ 600 மி.மீ. இடைவெளியில் வரும். மரவேலை தெரிந்த உங்களுக்கு இதில் லாபம் ஒன்று காத்திருக்கிறது. பிளைவுட் பலகையின் அளவு 2,440 × 1,220 மி.மீ. கூரைச் சட்டங்களை மையத்திலிருந்து மையம் 610 மி.மீ. வைக்கச் சொன்னால் ஒவ்வொரு பலகையின் விளிம்பும் ஒரு சட்டத்தின் மேல் வந்து உட்காரும். வரைபடம் போடும்போது கேட்டால் பட்டறைக்கு இது செலவே இல்லை. பிறகு கேட்டால் முடியாது. குறுக்குச் சட்டங்களில் நீர் ஓடத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். தரைக்கு அடியில் சேரும் நீர் கேபினின் பின்கோடி வரை ஓடி, திறந்து பார்க்கக்கூடிய ஒரு குழியில் நிற்க வேண்டும். கேபினுக்கும் எஞ்சின் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்பு நீர் புகாதபடி இருக்க வேண்டும்.

நேர்த்தியை அளக்க நூலும் டேப்பும் போதும். முன்னிருந்து பின்னாக மூன்று மீட்டருக்கு ஒரு முறை உள் அகலத்தை அளங்கள். கேபினின் மூலைவிட்டங்கள் இரண்டையும் ஒப்பிடுங்கள். கூரை ஓரத்தில் கண்ணை வைத்துக் கடைசி வரை பாருங்கள். சில மில்லிமீட்டர் வேறுபாடு இயல்பு. கண்ணுக்கே தெரியும் வளைவோ, விலா இருக்கும் இடமெல்லாம் கேபின் சுவர் உள்ளிழுத்து நிற்பதோ வந்தால், வெல்டிங்கின் வரிசையைச் சரியாகத் திட்டமிடாமல் ஒரே இடத்தில் சூட்டைக் கொட்டியிருக்கிறார்கள். அந்த வளைவு பிற்பாடு உங்கள் ஒவ்வொரு அலமாரியிலும் திரும்பி வரும்.

பழைய வாடிக்கையாளர்களிடம் பேசச் சொல்வார்கள். படகின் உரிமையாளரிடம் பேசுங்கள். அதைவிட முக்கியம், அந்தக் கூட்டுக்குள் மரவேலை செய்தவரிடம் பேசுவது. கூடு சதுரமாக இருந்ததா, சன்னல் வெட்டுகள் ஒரே உயரத்தில் இருந்தனவா, பட்டறை கேட்ட மாற்றத்தைச் செய்ததா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதே பட்டறை ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் கட்டிய படகு ஏதாவது உலர்தளத்தில் ஏறியிருந்தால் போய் நீர்மட்டத்தைப் பாருங்கள். மே மாதக் கடைசியில் கிரிக் படகுக் கண்காட்சி உங்கள் ஊருக்கு அருகிலேயே நடக்கிறது. ஒரே நாளில் பல கூடுகளைப் பார்க்கலாம், ஆனால் அங்கே வருபவை காட்சிக்குத் தயார் செய்தவை என்பது நினைவிருக்கட்டும்.

கூட்டின் பின்பகுதி சரிந்து குறுகும் நீளம் படகு எப்படி ஓடும் என்பதைத் தீர்மானிக்கிறது. நீண்ட சரிவு புரொப்பெல்லருக்குத் தெளிந்த நீரைக் கொண்டுவரும், சுக்கான் கேட்கும். சரிவு குட்டையாக இருந்தால் பட்டறைக்கு வேலை குறைவு, உங்களுக்கு உள்ளே ஓரடி இடம் கூடும்; ஆனால் கால்வாயில் படகு பின்னால் அலையை இழுத்துக்கொண்டே போகும், கரையை அரிக்கும், டீசலையும் தின்னும். 57 அடிக்கு 12 அடிச் சரிவு நன்றாக இருக்கும். 10 அடிக்குக் குறைவு என்றால் ஏன் என்று கேளுங்கள்.

இப்போது மேற்பரப்பு. பெரும்பாலான விலைப்பட்டியலில் இந்த வரியே இருக்காது. கூட்டின் ஆயுளை நிர்ணயிப்பதில் இதற்கு இணை வேறில்லை. சூடாக உருட்டிய தகட்டின் மேல் கருநீல நிறத்தில் ஆக்சைடுத் தோல் ஒன்று ஒட்டியிருக்கும். பட்டறைகளில் மில் ஸ்கேல் என்பார்கள். பார்க்க வழுவழுப்பாக, கெட்டியாக இருக்கும். அதன் மேலேயே தார்ப்பூச்சைப் பூசிவிட்டால் ஓரிரு ஆண்டில் அந்தத் தோல் தகட்டை விட்டுக் கழன்று பூச்சையும் தூக்கிக்கொண்டு போகும். இன்னொன்றும் நடக்கும். நீருக்குள் மில் ஸ்கேலும் வெற்று எஃகும் மின்கலத்தின் இரு முனைகளாகின்றன. அரிபடும் முனை எஃகு. தோல் பரந்து நிற்க, அது உடைந்த சிறு புள்ளியில் மட்டும் அரிப்பு குவிந்து ஆழமான குழி விழுகிறது. புதுப் படகில் முதல் சில ஆண்டுகளிலேயே குழி காணப்படுவதற்கு இது முக்கியக் காரணங்களில் ஒன்று.

தீர்வு, மணல்துகள் அடித்துத் தோலை முழுவதும் நீக்குவது. எஸ்ஏ 2.5 என்ற தரம் வரை அடிக்க வேண்டும் என்று எழுதுங்கள். அன்றைக்கே, ஈரம் படுமுன், இரண்டு கலவை எபாக்சியின் முதல் பூச்சு ஏற வேண்டும். ஏற்கெனவே அடித்துப் பிரைமர் பூசிய தகட்டை வாங்கிக் கட்டும் பட்டறைகளும் உண்டு. அப்போதும் வெல்டிங் செய்த பட்டைகளைத் தனியாகச் சுத்தம் செய்து பூச வேண்டும். அடித்தகட்டின் அடிப்பக்கத்தைப் பூசாமல் விடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. கூடு தாங்கிகளின் மேல் நிற்கும்போதே அதையும் பூசச் சொல்லுங்கள். தாங்கி தொடும் இடங்களைக் கூட்டை நகர்த்தி இரண்டாவது முறை பூச வேண்டும். உள்பக்க அடித்தகடும் பூசப்பட வேண்டும். எஃகுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கூட்டைக் காக்கும் உலோகக் கட்டிதான் ஆனோடு. நன்னீருக்கு மெக்னீசிய ஆனோடு, துத்தநாகம் கடலுக்கு. குறைந்தது நான்கு ஆனோடுகள் இருக்கலாம், ஆனால் தன்னைச் சுற்றி ஓரிரு மீட்டருக்கு மேல் ஒவ்வொன்றும் காப்பாற்றாது. கரை மின்சாரம் இழுக்கப் போகிறீர்கள் என்றால் அரிப்பு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வனிக் ஐசொலேட்டரோ தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரோ இல்லாமல் இணைக்காதீர்கள்.

வெல்டிங் தெரியாத உங்களுக்கு ஒரு விதி: ஃபோம் அடித்த பிறகு கூட்டில் எங்கும் தீப்பொறி படக் கூடாது. பாலியுரேத்தேன் ஃபோமுக்கு மறுபுறம் வெல்டிங் செய்தால் அது கருகிப் புகையும், தீயும் பிடிக்கும். அதனால் கூட்டில் பற்றவைக்க வேண்டிய ஒவ்வொன்றையும் இன்றைக்கே முடிவு செய்ய வேண்டும்: கூரையில் நிற்கும் காளான் வடிவக் காற்றோட்ட வாய்கள், அடுப்புப் புகைபோக்கியின் வளையம், சோலார் தகட்டின் தாங்கிகள், டீசல் தொட்டியின் நிரப்பும் வாய், தொட்டிகளின் காற்றுக் குழாய்கள், மூழ்காத வெளியேற்றத் துளைகளின் மரையுள்ள கழுத்துகள். குளியல், கழுவுதொட்டி வெளியேற்றங்கள் நிறைசுமையில் நீர்மட்டத்துக்கு 250 மி.மீ. மேலே இருந்தால் நிம்மதி. உள்வேலைத் திட்டம் முழுவதையும் 1:20 அளவில் வரைந்து முடித்த பிறகுதான் பட்டறைக்கு ஆணை கொடுங்கள். சமையலறை எங்கே என்று தெரியாமல் புகைபோக்கி வளையத்துக்கு இடம் குறிக்க முடியாது.

எஞ்சினையும் கூட்டுக்கு முன்பே தேர்ந்தெடுத்துவிடுங்கள். எஞ்சின் படுக்கையின் உயரமும் இடைவெளியும் அந்த எஞ்சினின் வரைபடத்திலிருந்து வர வேண்டும். கால்வாய் நீரை உள்ளே இழுக்காமல் குளிர்விக்கப் பின்பக்கச் சரிவின் உட்புறம், எஞ்சினின் குளிர்நீர் சுற்றி வரும் தட்டைத் தொட்டியான ஸ்கின் டேங்க் பற்றவைப்பார்கள். அதன் நீர்தொடும் பரப்பு, குதிரைத்திறனை நான்கால் வகுத்த எண் சதுர அடி. 40 குதிரைத்திறனுக்கு 10 சதுர அடி. தொட்டி மெல்லியதாகவும், உள்ளே சுற்றிப் போகத் தடுப்புகளுடனும், உச்சியில் காற்றை வெளியேற்றும் திருகுடனும் இருக்க வேண்டும். கால்வாயில் சும்மா ஓட்டும்போது சிறிய தொட்டியும் சமாளிக்கும். ஆற்றில் எதிர்நீரில் முழு வேகம் கொடுக்கும்போதுதான் சூடேறும். லெஸ்டரைச் சுற்றிச் சோர் ஆறு உங்களுக்கு அன்றாடம். 18 அங்குலப் புரொப்பெல்லர் என்றால் அதன் முனைக்கும் மேல்தகட்டுக்கும் குறைந்தது 2 அங்குலம் இடம் வேண்டும். அதற்கு மேலே, புரொப்பெல்லரில் சிக்கும் களையை எடுக்க உள்ள களைத் துவாரத்தின் கழுத்து நீர்மட்டத்துக்கு 150 மி.மீ.-க்குக் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும். மூடியைச் சரியாக இறுக்காமல் எஞ்சினைக் கிளப்பி மூழ்கிய படகுகள் உண்டு, ஆகவே மூடியின் பிடிப்பைப் பட்டறையிலேயே கையால் இறுக்கிப் பாருங்கள்.

முன்பக்க எரிவாயுப் பெட்டிக்கு 13 கிலோ புரோப்பேன் சிலிண்டர்கள் இரண்டை உண்மையில் உள்ளே வைத்து எடுத்துப் பாருங்கள். பெட்டி கேபினுக்குள் ஆவி கசியாமலும், அடியிலிருந்து வெளியேறும் துளை நீர்மட்டத்துக்கு மேலேயும் இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிரம்பும்போது முன்பகுதி அமிழும். அப்போதும் அந்தத் துளையும் முன்தளத்தின் வடிகால்களும் நீருக்கு மேலே நிற்க வேண்டும். 57 அடிப் படகு ஓரங்குலம் அமிழ ஏறத்தாழ 800 கிலோ போதும். முன்கோடியில் 500 லிட்டர் தண்ணீர் நிரம்பினால் அந்தக் கோடி ஓரங்குலத்தையும் தாண்டி இறங்கும்.

பாலஸ்ட்டை முழுவதும் பட்டறை போட்டு முடிக்கக் கூடாது. உள்வேலை எத்தனை டன் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது. போக்குவரத்துக்குத் தேவையான அளவு மட்டும் போட்டு, மீதியை நீங்கள் உள்வேலை முடிந்து, தொட்டிகள் பாதி நிரம்பிய நிலையில் சரிசெய்யும்படி விடச் சொல்லுங்கள். கான்கிரீட் ஊற்ற அனுமதிக்காதீர்கள். கெட்டிச் செங்கல்லோ நடைபாதைக் கல்லோ, அடியில் பிளாஸ்டிக் துண்டு வைத்துத் தகட்டைத் தொடாமல், பக்கங்களில் நீர் ஓட இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். தரைப்பலகையில் திறக்கும் மூடிகள் வேண்டும். பல ஆண்டுகள் கழித்தும் ஒரு கல்லை நகர்த்த வேண்டி வரும்.

ஃபோமைப் பட்டறை அடித்துத் தரட்டும், ஆனால் உங்கள் சர்வேயர் கூட்டை வெறுமையாகப் பார்த்த பிறகு. பிரைமர் பூசிய சுத்தமான தகட்டில், குளிரும் ஈரமும் இல்லாத நாளில், பல மெல்லிய அடுக்காக அடிக்க வேண்டும். ஒரே வீச்சில் தடிமனாக அடித்தால் ஃபோம் சூடேறி, பிறகு சுருங்கி 4 மி.மீ. கேபின் தகட்டையே இழுத்து அலையாக்கிவிடும். பலகை ஆணியடிக்கும் மரச்சட்டங்கள் ஃபோமுக்கு முன் கட்டப்பட வேண்டும். அந்த ஒரு வாரம் பட்டறைக்குள் நீங்களே வந்து மரச்சட்டம் அடிக்க அனுமதி கேளுங்கள். பலர் சம்மதிப்பார்கள், காப்பீட்டுக் காரணம் சொல்லி மறுப்பவர்களும் இருப்பார்கள்.

சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள். பட்டறை பரிந்துரைப்பவர் வேண்டாம். யாட் டிசைனர்ஸ் அண்ட் சர்வேயர்ஸ் அசோசியேஷன், இன்டர்நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மரைன் சர்வேயிங் ஆகிய அமைப்புகளின் உறுப்பினர்களில், எஃகுக் கால்வாய்ப் படகு அதிகம் பார்த்தவரைத் தேடுங்கள். இரண்டு வருகை போதும்: கூடு பற்றவைத்து முடிந்து பூச்சுக்கு முன் ஒன்று, பூச்சு முடிந்து ஃபோமுக்கு முன் ஒன்று. அவர் கட்டணம் கூட்டின் விலையில் சிறு பங்கு.

பண விஷயம். பாதிப் பணம் முன்னதாக என்பது எந்தப் பட்டறைக்கும் சரியல்ல, புதிய பட்டறைக்கு இன்னும் சரியல்ல. பட்டறை நொடித்தால், வாங்கியவரின் பெயரில் இல்லாத தகடும் பாதிக் கூடும் கடன் கொடுத்தவர்களுக்குப் போகும். நியாயமான முறை இது: இடத்தைப் பிடிக்கப் பத்து சதவீதம், தகடு வந்து இறங்கியதும் ஒரு தவணை, கூடு பற்றவைத்து முடிந்ததும் ஒன்று, பூச்சு முடிந்ததும் ஒன்று, இறக்கும் நாளில் மீதி. ஒவ்வொரு தவணையும் கட்டியதும் அதுவரை பட்டறைக்கு வந்த பொருளும் செய்த வேலையும் உங்கள் உடைமை என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அடித்தகட்டில் உங்கள் படகின் எண் எழுதப்பட வேண்டும். பட்டறைக் காப்பீடு வாடிக்கையாளரின் கூட்டையும் அடக்குகிறதா என்று சான்றிதழைப் பார்க்க வேண்டும். படகுத் தொழிலினரின் சங்கமான பிரிட்டிஷ் மரைன் அமைப்பின் மாதிரி ஒப்பந்தத்தில் இத்தகைய பிரிவுகள் உள்ளன. நிறுவனமாகப் பதிவு செய்த பட்டறையின் கணக்கை, நிறுவனப் பதிவகமான கம்பெனிஸ் ஹவுஸ் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்யும் பழக்கம் இருந்தால் விலகிவிடுங்கள். மூன்று விலைகளையும் ஒப்பிடும்போது 20 சதவீத வாட் வரி, லாரி, கிரேன், பூச்சு, ஆனோடு எல்லாம் சேர்ந்த தொகையை எழுதி வாங்குங்கள். குறைந்த விலை சில நேரம் இந்த இனங்கள் விடுபட்டதால் மட்டுமே குறைவாகத் தெரியும்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். பிரிட்டனில் 2017-ஆம் ஆண்டின் பொழுதுபோக்குப் படகு விதிமுறைகள் இதற்குப் பொருந்தும். சொந்தப் பயன்பாட்டுக்காக, பெரும்பகுதியை வருங்கால உரிமையாளரே கட்டிய படகுக்கு விலக்கு உண்டு. நீரில் பயன்பாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் அதை விற்பனைக்குக் கொண்டுவரக் கூடாது. கூட்டையும் எஞ்சினையும் வாங்கிவிட்டு உள்ளே மரவேலை மட்டும் செய்தால் அது ‘பெரும்பகுதி’ ஆகுமா என்பது வாதத்துக்கு இடமுள்ளது. ஐந்து ஆண்டுக்குள் விற்கும் வாய்ப்பு கொஞ்சமேனும் இருந்தால் இரண்டாவது வழியே நல்லது: படகை நிறைவு செய்பவராக, உற்பத்தியாளரின் பொறுப்பை நீங்களே ஏற்றுத் தொழில்நுட்பக் கோப்பு தயாரித்து இணக்க அறிவிப்பில் கையெழுத்திடுவது. அமைதியான உள்நாட்டு நீருக்கான வகை டி படகுக்கு இதை நீங்களே செய்யலாம். அதற்குப் பட்டறை தர வேண்டியவை: பகுதி நிறைவுற்ற படகுக்கான அறிவிப்பு, 14 எழுத்து அடையாள எண் கூட்டில் இரண்டு இடங்களில் பொறிக்கப்பட்டிருப்பது, வரைபடங்கள், எஃகுச் சான்றிதழ்கள். இவற்றைத் தரமாட்டேன் என்று சொல்லும் பட்டறையிடம் வாங்காதீர்கள். காகிதம் இல்லாமல் பிற்பாடு மதிப்பீடு செய்ய வேண்டி வந்தால் செலவும் அலைச்சலும் அதிகம். எந்த வழியானாலும் எரிவாயு வேலையைப் படகு வேலைக்குத் தகுதி பெற்று, எரிவாயுத் தொழிலாளர் பதிவேடான கேஸ் சேஃபில் பதிவு செய்தவரிடம் விட்டுவிடுங்கள். விலக்கில் போனால், கால்வாய்களை நிர்வகிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் உரிமம் தரும் முன் போட் சேஃப்டி ஸ்கீம் என்ற பாதுகாப்புச் சோதனையின் சான்றிதழைக் கேட்கும். அது நான்கு ஆண்டுகளுக்குச் செல்லும்.

இனி மூன்றாவது படகு. ஃபோம் அடித்துவிட்டார்கள் என்பதாலேயே அதை விலக்க வேண்டியதில்லை. முந்தைய வாங்குபவருக்காகச் சர்வேயர் யாராவது கட்டும்போது பார்த்து அறிக்கை எழுதியிருந்தால், அதை எழுதியவரிடமே நேரடியாகப் பேசுங்கள். அறிக்கை இல்லை என்றால் படகைக் கரையேற்றி, உங்கள் சர்வேயர் வெளியிலிருந்து அல்ட்ராசவுண்டில் தகட்டின் தடிமனை அளந்து, இரண்டு மூன்று இடங்களில் ஃபோமை உளியால் வெட்டி மூட்டையும் பிரைமரையும் பார்க்கட்டும். அந்த ஓட்டைகளைப் பிறகு கேன் ஃபோமால் நிரப்பிக்கொள்ளலாம். விற்பவர் வெட்ட அனுமதிக்கவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அனுமதித்தால், சன்னல் வெட்டுகளும் புகைபோக்கி வளையமும் உங்கள் திட்டத்துக்குப் பொருந்துகின்றனவா என்று 1:20 வரைபடத்தின் மேல் அவற்றின் அளவுகளைக் குறித்துப் பாருங்கள். ஒரு சன்னல் தடுப்புச் சுவரின் நடுவில் வந்து விழுந்தால் உங்கள் உள்வேலைத் திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும். ஃபோம் அடித்த கூட்டில் சன்னலை அடைக்க முடியாது.